பதிமூணு பேரும் சரின்னு சொன்னாத்தான்...

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஒரே பஞ்சாயத்து. எங்க டீம் கட்டி மேய்க்கிற பழைய மாட்யூல் ஒண்ணு அடிக்கடி படுத்துக்குது. "ஒட்டுப் போட்டு ஓட்டிடலாம்"னு ஒரு கோஷ்டி. "மொத்தமா தூக்கிக் கடாசிட்டு புதுசா எழுதலாம்"னு இன்னொரு கோஷ்டி. நான் ஒட்டுப் போடுற கோஷ்டி. ஏன்னா புதுசா எழுதினா அதுல வர்ற பக்கையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து நான்தான் தேடணும் :)

ஆனா உண்மையான சிக்கல் வேற. அந்த மாட்யூல்ல ஒரு வரி மாத்தணும்னாலும் அஞ்சு டீம் மேனேஜரும் மெயில்ல ஓகே சொல்லணும். அஞ்சு பேர்ல ஒருத்தர் எப்பவுமே லீவுல இருப்பார், இல்லன்னா கோவத்துல இருப்பார். ஒட்டு கூடப் போட முடியாது. அப்போ என்னதான் செய்றது?

இதே சண்டையை ஒரு நாடே போட்டிருக்கு. அமெரிக்காக்காரன் இன்னிக்குப் பெருமையா தூக்கிக் காட்டுற அரசியல் சட்டம் அவங்களோட முதல் சட்டம் இல்ல, ரெண்டாவது. முதலாவது எட்டு வருஷம் ஓடி மண்டையைப் போட்டது. அதுக்குப் பேரு 'ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்'. வசதிக்காகக் கூட்டமைப்புச் சாசனம்னு வச்சுக்குவோம். அது ஏன் செத்துச்சு, எப்படி செத்துச்சுங்கறதுதான் இன்னிக்குக் கதை. ஏன்ங்கறதை விட எப்படிங்கறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பயத்துல எழுதின சாசனம்

1776 ஜூன். சுதந்திரப் பிரகடனம் இன்னும் வெளிவரவில்லை. பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸ் (நம்ம ஊரு கதர்ச்சட்டை காங்கிரஸ் இல்ல சாமி, 13 காலனிகளின் பிரதிநிதிகள் சபை) ஒரு பக்கம் பிரகடனம் எழுத ஒரு குழு போட்டது. இன்னொரு பக்கம், பிரிஞ்சு வந்தப்புறம் எப்படிச் சேர்ந்து வாழ்றதுன்னு எழுத இன்னொரு குழு. இந்த ரெண்டாவது குழுவுக்காக முதல் வரைவை எழுதியவர் ஜான் டிக்கின்சன். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தக் கதை முழுக்க ஏதாவது ஒரு மூலையில் இவர் நிற்பார். வேடிக்கை என்னன்னா இவர் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்தே போடவில்லை, அவசரப்படுறீங்கன்னு ஒதுங்கிக்கிட்டவர்.

டிக்கின்சன் வரைவில் மத்திய அரசுக்கு ஓரளவு பலம் இருந்தது. ஆனா அதைப் படிச்சவங்களுக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. ஏற்கெனவே கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பாராளுமன்றம் வரி போட்டதால்தானே இவ்வளவு சண்டையும்? லண்டனில் இருந்த எசமானை விரட்டிட்டு பிலடெல்பியாவில் இன்னொரு எசமானை உட்கார வைக்கவா? வட கரோலினாக்காரர் தாமஸ் பர்க், ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையைத் தானே வைத்துக்கொள்ளும் என்று தெளிவாக ஒரு விதியைச் செருக வைத்தார். 1777 நவம்பர் 15 அன்று காங்கிரஸ் நிறைவேற்றியபோது சாசனத்தில் பல் எதுவும் மிச்சமில்லை.

என்னென்ன இருந்தது? போர், சமாதானம், வெளிநாட்டு ஒப்பந்தம், கடன் வாங்குறது, தபால். இதெல்லாம் காங்கிரஸுக்கு. என்னென்ன இல்லை? வரி போட அதிகாரம் இல்லை. வியாபாரத்தை ஒழுங்குபடுத்த அதிகாரம் இல்லை. ஜனாதிபதி கிடையாது (காங்கிரஸுக்குத் தலைவர்னு ஒருத்தர் உண்டு, கூட்டத்தை நடத்துறதோட அவர் வேலை சரி). நாடு முழுக்கச் செல்லுகிற நீதிமன்ற அமைப்பு கிடையாது. பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ ஆளுக்கு ஒரு ஓட்டு. முக்கியமான முடிவுன்னா 13ல் 9 மாநிலம் சரின்னு சொல்லணும்.

கடைசியா 13வது விதி. இந்தக் கதையோட வில்லன் இதுதான். சாசனத்தில் எதை மாத்தணும்னாலும் காங்கிரஸ் ஒத்துக்கணும், அதுக்கப்புறம் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டசபையும் ஒத்துக்கணும். 12 பத்தாது. 13ம் வேணும்.

சாசனம் அமலுக்கு வரவே 13 பேரும் ஒத்துக்கணும் என்பதால், அதுவே மூணு வருஷத்துக்கு மேல் இழுத்தது. மேரிலாந்து கடைசி வரைக்கும் முரண்டு பிடிச்சுது. வர்ஜீனியா மாதிரி மாநிலங்கள் மேற்கே கண்ணுக்கெட்டின நிலமெல்லாம் எனக்குத்தான்னு சொல்லிட்டிருக்கு, நிலமே இல்லாத நாங்க என்ன இளிச்சவாயனா என்பது மேரிலாந்தின் கேள்வி. நியாயமான கேள்விதான். வர்ஜீனியா விட்டுக்கொடுக்க இறங்கி வந்த பிறகே, 1781 மார்ச் 1 அன்று சாசனம் அமலுக்கு வந்தது. அதாவது போரின் பெரும்பகுதியை எந்தச் சாசனமும் அமலில் இல்லாமலேயே ஓட்டியிருக்காங்க!

உண்டியல் குலுக்கிய அரசாங்கம்

வரி போட முடியாத அரசாங்கம் காசுக்கு என்ன பண்ணும்? முதல்ல நோட்டு அடிச்சாங்க. 20 கோடி டாலருக்கு மேல். பின்னால் தங்கமோ வெள்ளியோ எதுவும் கிடையாது. 1780ல காங்கிரஸே 40 டாலர் நோட்டு ஒரு வெள்ளி டாலருக்குச் சமம்னு அறிவிச்சு தன் மூக்கைத் தானே அறுத்துக்கிட்டது.

அடுத்து, மாநிலங்களிடம் கேட்டாங்க. கேட்க மட்டும்தான் முடியும். 1782ம் வருஷச் செலவுக்கு 80 லட்சம் டாலர் தாங்கன்னு கேட்டாங்க. அந்த வருஷம் முடிஞ்சு பார்த்தா 5 லட்சம் கூடத் தேறவில்லை. அப்போ நிதிப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் மோரிஸ், பெரிய வியாபாரி. அரசாங்கத்தை எவனும் நம்ப மாட்டேங்கறான்னு தன் சொந்தக் கையெழுத்துப் போட்ட நோட்டுகளை வச்சு அரசாங்கத்தை ஓட்டினார். ஒரு நாட்டோட பேரை விட ஒரு தனி ஆளோட கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். (பாவம், அவரே பின்னாடி நில வியாபாரத்தில் திவாலாகி 1798ல கடனாளி ஜெயிலுக்குப் போனார். அது தனிக்கதை.)

சரி, சாசனத்தில் ஓட்டை இருக்கு, ஒரு ஒட்டுப் போடுவோம்னு முடிவு பண்ணினாங்க. 1781லயே. இறக்குமதியாகிற சரக்குக்கு 5 சதவீதம் வரி, அது நேரா காங்கிரஸுக்கு. அவ்வளவுதான். 12 மாநிலங்கள் சரின்னு சொல்லியாச்சு.

ரோட் ஐலண்டு மாட்டேன்னுடுச்சு.

ரோட் ஐலண்டு அமெரிக்க வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்கணும், அவ்வளவு குட்டி. ஆனா அதுக்குத் துறைமுக வருமானம்தான் சோறு. அதுல கை வச்சா விடுமா? 1782 நவம்பரில் அதன் சட்டசபை ஒருமனதாக நிராகரித்தது. அதைப் பார்த்த வர்ஜீனியா, அடுத்த மாசமே தான் கொடுத்த சம்மதத்தையும் வாபஸ் வாங்கிக்கிட்டது.

விடாம 1783ல இன்னொரு ஒட்டு. அதே 5 சதவீத வரிதான், இந்தத் தடவை 25 வருஷத்துக்கு மட்டும், வசூல் அதிகாரிகளை மாநிலங்களே நியமிக்கலாம்னு ரொம்ப இறங்கி வந்தாங்க. மூணு வருஷம் கெஞ்சினாங்க. ரோட் ஐலண்டு கூட ஒரு வழியா தலையாட்டிடுச்சு. 1786ல நியூயார்க் ஏத்துக்க முடியாத நிபந்தனைகளைப் போட்டுக் கவிழ்த்தது. அதுக்கும் துறைமுகக் காசுதான் காரணம்.

இந்த இடத்துல ஒண்ணு கவனிக்கணும். "அமெரிக்காவின் முதல் சாசனம் பலவீனமானது, அதனால் மாற்றினார்கள்" என்றுதான் சுருக்கமாகச் சொல்வார்கள். பலவீனம்ங்கறது சரிதான். ஆனா பலவீனம் அவங்களுக்குத் தெரியும். அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். திருத்தவும் ரெண்டு தடவை முயற்சி பண்ணினாங்க, ரெண்டு தடவையும் 12 பேர் ஒத்துக்கிட்டு ஒருத்தரால நின்னு போச்சு. நோய் கொல்லலை. மருந்தை உள்ளே விடாத வாய்தான் கொன்றது.

சொந்தப் படையைக் கண்டு ஓடிய காங்கிரஸ்

காசு இல்லைன்னா முதல்ல அடிவாங்குறது யாரு? சம்பளக்காரன். இங்கே சிப்பாய்கள்.

1783 ஜூன் 21, சனிக்கிழமை. பிலடெல்பியாவில் ஸ்டேட் ஹவுஸ் கட்டடம். இதே கட்டடத்தில்தான் 1776ல் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். சுமார் 400 சிப்பாய்கள் துப்பாக்கியோடு கட்டடத்தைச் சுத்தி வளைச்சுட்டாங்க. போரில் ஜெயிச்சாச்சு, பாக்கிச் சம்பளம் எங்கே? பக்கத்துச் சாராயக்கடைகளில் இருந்து சரக்கும் வந்துட்டிருக்கு. உள்ளே காங்கிரஸ் உறுப்பினர்கள். அதில் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஜேம்ஸ் மேடிசனும் உண்டு.

காங்கிரஸ் பென்சில்வேனியா மாநில அரசிடம் கேட்டது: உங்க மாநிலப் படையைக் கூப்பிட்டு எங்களைக் காப்பாத்துங்க. மாநில நிர்வாகத்தின் தலைவர் முடியாது என்றார். என் ஆட்கள் சொந்தச் சிப்பாய்களைச் சுடுவார்களா என்பதே சந்தேகம், இன்னும் பெரிய கலவரம் நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது அவர் நிலை.

அந்தத் தலைவர் யார் தெரியுமா? நம்ம ஜான் டிக்கின்சன். அந்தச் சாசனத்துக்கு முதல் வரைவு எழுதிய அதே மனுஷன்!

காங்கிரஸ் உறுப்பினர்கள் சிப்பாய்களின் கேலிக்கு நடுவே வெளியே நடந்து போனார்கள். சில நாளில் ஊரையே காலி பண்ணி நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் அன்னாபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று மூட்டை முடிச்சோடு அலைச்சல். பின்னாளில் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத தலைநகர் ஒண்ணு வேணும்னு புதுச் சட்டத்தில் எழுதினதுக்கு இந்த அவமானம் ஒரு முக்கியக் காரணம். இன்னிக்கு வாஷிங்டன் நகரம் எந்த மாநிலத்திலும் இல்லாததன் வேர் இங்கே இருக்கு.

அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு கூத்து. பிரிட்டனோடு போட்ட சமாதான ஒப்பந்தத்தை ஆறு மாசத்துக்குள் அங்கீகரிச்சு அனுப்பணும். 9 மாநிலங்களின் ஓட்டு தேவை. அன்னாபொலிஸில் வந்து உட்கார்ந்திருந்தது ஏழு மாநிலம். உறுப்பினர்கள் வந்து சேர்ந்து 9 தேறினது 1784 ஜனவரி 14ல். தன்னோட சுதந்திரத்தை அங்கீகரிக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கோரம் இல்லை!

வெளியே மரியாதை எப்படி இருக்கும்? மேற்கே டெட்ராய்ட், நயாகரா போன்ற கோட்டைகளைக் காலி பண்ண பிரிட்டிஷார் மறுத்தார்கள். எங்க வியாபாரிகளுக்கு உங்க ஆட்கள் தர வேண்டிய பழைய கடனை மாநிலங்கள் வசூலிக்க விடலையே என்பது அவர்கள் சாக்கு. காங்கிரஸால் மாநிலங்களை அதட்டவும் முடியலை, பிரிட்டனை அதட்டவும் முடியலை. 1784ல ஸ்பெயின் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியை அமெரிக்கப் படகுகளுக்கு மூடிடுச்சு. உள்ளே மாநிலங்களுக்குள்ளேயே வரிச் சண்டை. நியூயார்க், பக்கத்து நியூஜெர்சி படகுகளுக்குக் கட்டணம் போட்டுச்சு. பதிலுக்கு நியூஜெர்சி தன் எல்லையில் நியூயார்க் வச்சிருந்த கலங்கரை விளக்கத்துக்கு வரி போட்டுச்சு. கலங்கரை விளக்கத்துக்கு வரி! நம்ம தெருவில் ரெண்டு வீட்டுக்காரங்க குழாயடியில் சண்டை போடுற மாதிரியே இல்ல?

நியாயமா ஒண்ணு சொல்லிடணும், சாசனத்தின் கீழே எல்லாமே மோசம் இல்லை. மேற்கு நிலங்களை அளந்து விற்கிற முறை (1785), அங்கே புது மாநிலங்கள் பழைய மாநிலங்களுக்குச் சமமாகச் சேரலாம், ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது (1787) என்கிற விதிகள் எல்லாம் இந்தப் பல்லில்லாத காங்கிரஸ் செய்ததுதான்.

கேப்டன் ஷேஸ்

1786. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதி, விவசாயிகள். அவர்களில் பலர் பழைய சிப்பாய்கள். போரில் சம்பளமாகக் கிடைத்தது கடன் பத்திரம். வயித்துப் பாட்டுக்கு அதைக் கிடைத்த விலைக்குப் பாஸ்டன் வியாபாரிகளிடம் வித்துட்டாங்க. இப்போ அந்தப் பத்திரங்களுக்கு முழு மதிப்பில் வட்டி கொடுக்க மாநில அரசு வரி போடுது. யார் மேலே? பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு வித்த அதே விவசாயி மேலே. அதுவும் வெள்ளிக்காசாகக் கட்டணுமாம். கட்டலைன்னா நிலம் ஏலம், இல்லன்னா ஜெயில்.

மனு கொடுத்துப் பார்த்தாங்க. வேலைக்கு ஆகலை. ஆகஸ்ட் 29 அன்று நார்தாம்ப்டனில் கூட்டமாகப் போய்க் கோர்ட்டை நடக்கவிடாமல் தடுத்தாங்க. கோர்ட் நடக்கலைன்னா ஜப்தி நடக்காது இல்லையா, அதான் கணக்கு. தலைவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், போரில் கேப்டன். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அன்பளிப்பாகக் கொடுத்த வாளை வறுமையில் வித்தவர்.

காங்கிரஸ் படை திரட்டப் பார்த்தது. காசு வேணும், மாநிலங்களைக் கேட்டது, பதில் உங்களுக்கே தெரியும். கடைசியில் பாஸ்டன் பணக்காரர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு படையைக் கிளப்பினாங்க. 1787 ஜனவரி 25, பனிக்காலம். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கி வந்த ஷேஸ் ஆட்கள் மேல் மாநிலப் படை பீரங்கியால் சுட்டது. நாலு பேர் செத்தார்கள். சுட்டவர்களில் பலரும் செத்தவர்களும் சில வருஷம் முன்னாடி ஒரே அணியில் பிரிட்டனை எதிர்த்து நின்றவர்கள். இதை முதல் தடவை படிச்சப்போ கொஞ்ச நேரம் வேற எதையும் படிக்க முடியலை.

கலகம் சீக்கிரமே அடங்கிடுச்சு. ஆனா அதோட சேதி பயங்கர வேகமா பரவுச்சு, கொஞ்சம் காது மூக்கு வச்சு. மவுண்ட் வெர்னானில் ஓய்வா இருந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஹென்றி நாக்ஸ் எழுதின கடிதத்தில், கலகக்காரர்கள் எல்லார் சொத்தையும் பொதுவாக்கப் போறாங்கங்கற ரேஞ்சுக்குப் பீதியைக் கிளப்பியிருந்தார். அவங்க கேட்டது வரிக் குறைப்பும் கொஞ்சம் அவகாசமும்தான். ஆனால் பயம் வேலை செஞ்சுது. எங்கேயும் வரமாட்டேன்னு இருந்த வாஷிங்டன் பிலடெல்பியா கூட்டத்துக்கு வர ஒத்துக்கிட்டதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

ஒட்டுப் போடக் கூடி, புதுசா எழுதியவர்கள்

அந்தக் கூட்டம் எப்படி வந்தது? 1786 செப்டம்பரில் வியாபாரச் சிக்கலைப் பேச அன்னாபொலிஸில் ஒரு கூட்டம். வந்தது 5 மாநிலங்களில் இருந்து 12 பேர். தலைமை தாங்கியவர்... ஆமாம், டிக்கின்சனேதான் :) 12 பேரை வச்சு என்ன பேசறது? ஹாமில்டன் ஒரு அறிக்கை எழுதினார்: அடுத்த மே மாசம் பிலடெல்பியாவில் எல்லா மாநிலமும் கூடி மொத்த சாசனத்தையும் பார்ப்போம். 1787 பிப்ரவரி 21ல் காங்கிரஸும் சம்மதிச்சது. ஆனா ஒரு நிபந்தனையோட. கூட்டம் சாசனத்தைத் திருத்துவதற்கு மட்டுமே.

மே 25ல் கூட்டம் தொடங்கியது. அதே ஸ்டேட் ஹவுஸ். நாலு வருஷம் முன்னாடி சிப்பாய்களுக்குப் பயந்து வெளியேறின அதே கட்டடம். மொத்தத்தில் 55 பேர் வந்து போனார்கள், 12 மாநிலங்கள். ரோட் ஐலண்டு ஆள் அனுப்பவில்லை (வேற யாரு?). வாசலில் காவல், உள்ளே பேசுவது எதுவும் வெளியே போகக்கூடாது.

நாலு நாள் கழிச்சு, மே 29, வர்ஜீனியாக்காரர்கள் ஒரு திட்டத்தை எடுத்து வச்சாங்க. மேடிசன் முன்கூட்டியே தயார் பண்ணினது. அது ஒட்டு இல்லை. மக்கள் மேலே நேரடியாக அதிகாரம் உள்ள புது அரசாங்கம்: சட்டசபை, நிர்வாகம், நீதிமன்றம். மறுநாளே அந்தத் திசையில் போவதென்று ஓட்டுப் போட்டாச்சு. எங்களை அனுப்பினது இதுக்கில்லையேன்னு நியூயார்க்கின் மூணு பேரில் ரெண்டு பேர் ஜூலையில் மூட்டையைக் கட்டினாங்க. ஜூன் 15ல் நியூஜெர்சியின் பேட்டர்சன், பழைய சாசனத்துக்கே ஒட்டுப் போடுற ஒரு திட்டத்தை வச்சார். தோத்துப் போச்சு. எங்க ஆபீஸ்ல நான் எந்தக் கோஷ்டின்னு சொன்னேனே, அந்தக் கோஷ்டி அன்னிக்கே தோத்துடுச்சு.

நாலு மாச விவாதத்தை இங்கே சொல்லப் போறதில்லை. செப்டம்பர் 17ல் 39 கையெழுத்து. அதில் டிக்கின்சன் பேரும் உண்டு. உடம்பு சரியில்லைன்னு முன்னாடியே கிளம்பிட்டார், நண்பர் ஜார்ஜ் ரீடு அவருக்காகப் போட்டார்.

இப்போ வருது நிஜமான சிக்கல். பழைய சாசனப்படி இதை 13 சட்டசபைகளும் ஒத்துக்கணும். கூட்டத்துக்கே வராத ரோட் ஐலண்டு ஒத்துக்குமா? ஜென்மத்துக்கும் நடக்காது. அதனால் புதுச் சட்டத்தின் கடைசி விதியிலேயே எழுதிட்டாங்க: 9 மாநிலங்கள் ஒத்துக்கிட்டா போதும், அந்த 9க்குள்ளே இது அமலுக்கு வரும். அதுவும் சட்டசபைகள் இல்லை, இதுக்குன்னே மக்கள் தேர்ந்தெடுக்கிற தனி மாநாடுகள்.

கவனிங்க. எந்த விதியை மாத்த முடியலைன்னு செத்தாங்களோ, அந்த விதியை மதிக்காம அதைத் தாண்டிக் குதிச்சிட்டாங்க. சட்டப்படி பார்த்தா இது அத்துமீறல்தான். "என்றென்றைக்குமான ஒன்றியம்"னு கையெழுத்துப் போட்ட சாசனத்தை மீறித்தான் இன்னிக்கு உலகமே பாடமா படிக்கிற அரசியல் சட்டம் பிறந்துச்சு. மேடிசனுக்கும் இது உறுத்தியிருக்கு. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் பதில் சொல்றார்: 12 மாநிலத்தோட தலைவிதியை ஒரே ஒரு மாநிலத்தின் பிடிவாதத்துக்கு அடகு வைக்கிறது அபத்தம். மாநிலங்கள் ஏற்கெனவே சாசனத்தை மீறியாச்சு, ஒருத்தன் மீறின ஒப்பந்தம் மத்தவனைக் கட்டாது. கடைசியா, தற்காப்புன்னு ஒண்ணு இருக்கு இல்லையா.

நல்ல வாதம்தான். ஆனா இதே வாதத்தைக் கையில் எடுத்துத்தான் பல நாடுகளில் ராணுவத் தளபதிகளும் அரசியல் சட்டத்தைக் கிழிச்சிருக்காங்க. அப்புறம் என்ன வித்தியாசம்? என் சிற்றறிவுக்கு எட்டினது, இவங்க மீறினப்புறம் ஜனங்ககிட்ட போய் நின்னாங்க. ஒவ்வொரு மாநிலத்திலும் மாநாடு, எதிர்த்தவங்க முழு மூச்சா எதிர்த்தாங்க, பத்திரிகையில் கிழிச்சாங்க. தோற்றிருக்கவும் வாய்ப்பு இருந்தது. மாசசூசெட்ஸில் 187க்கு 168. வர்ஜீனியாவில் 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27. 1788 ஜூன் 21ல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஒத்துக்க, பழைய சாசனத்தின் கதை முடிஞ்சது. உரிமைகள் பட்டியல் எங்கேன்னு எதிர்த்தவங்க கேட்ட கேள்விக்கு மரியாதை கொடுத்து 1791ல் முதல் பத்துத் திருத்தங்கள் வந்தன.

ரோட் ஐலண்டு? வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருஷம் ஆகியும் வரவில்லை. வியாபாரத்தைத் துண்டிச்சிடுவோம்னு செனட் மிரட்டின பிறகு, 1790 மே 29ல் 34க்கு 32 ஓட்டில் ரெண்டே ரெண்டு ஓட்டு வித்தியாசத்தில் உள்ளே வந்தது.

யாருக்காக?

எல்லாம் நாட்டு நலனுக்காகவேவா? 1913ல் சார்லஸ் பியர்டு என்கிற வரலாற்று அறிஞர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கூடி எழுதியவர்களில் பலர் கடன் பத்திரம் வச்சிருந்தவங்க, சொத்துக்காரங்க. வரி போடுற அரசாங்கம் வந்தா அவங்க பத்திரத்துக்கு உயிர் வரும், ஷேஸ் மாதிரி ஆளுங்களை அடக்கவும் வசதின்னார். யார்கிட்ட என்ன சொத்து இருந்தது, யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு 1950களில் தோண்டிப் பார்த்த ஃபாரஸ்ட் மெக்டொனால்டு, கணக்கு அவ்வளவு நேரா பொருந்தலைன்னு காட்டினார். ரெண்டு பக்கமும் உண்மை இருக்குன்னு நினைக்கிறேன். சட்டப் புத்தகத்தில் ஷேஸின் பயம் இருக்கு, ஷேஸின் குறை இல்லை.

அதை விடப் பெரிய விஷயம், அந்த அறையில் யாரும் பிரதிநிதியாக இல்லாதவங்க. 1790 கணக்கெடுப்பில் 39 லட்சம் பேரில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிட ஒரு அடிமையை அஞ்சில் மூணு பங்கு ஆளாக எண்ணினாங்க இல்லையா, அந்தக் கணக்கு புதுசு இல்லை. மாநிலங்கள் தர வேண்டிய பணத்தைப் பங்கு போட 1783ல் பழைய சாசனத்துக்கு முயற்சி பண்ணித் தோத்துப்போன இன்னொரு ஒட்டில் இருந்தது. அதை அப்படியே காப்பி அடிச்சுப் புதுசில் ஒட்டினாங்க. புதுசா எழுதுறோம்னு சொல்லிட்டுப் பழைய கோடையே காப்பி பண்றது நம்ம தொழில்ல மட்டும் இல்லை போல.

திருத்தும் விதியில் மட்டும் பாடம் படிச்சிருந்தாங்க. 13க்கு 13 வேண்டாம், காங்கிரஸின் ரெண்டு அவைகளிலும் மூணில் ரெண்டு பங்கு, மாநிலங்களில் நாலில் மூணு பங்கு போதும். ஆனா அதுலயும் ரெண்டு பழைய பூட்டை மாட்டி வச்சாங்க. 1808 வரைக்கும் அடிமை இறக்குமதியைப் பற்றின விதியில் கை வைக்கக்கூடாது. செனட்டில் ஒரு மாநிலத்துக்கு உள்ள சம ஓட்டை அதன் சம்மதம் இல்லாமல் பறிக்கவே கூடாது. முதல் பூட்டு காலாவதி ஆயிடுச்சு. ரெண்டாவது இன்னிக்கும் தொங்குது.

அந்த நாலில் மூணு பங்கும் இப்போ ஏறக்குறைய எட்ட முடியாத உயரமாயிடுச்சு. இதுவரைக்கும் வந்தது 27 திருத்தங்கள். கடைசியா அமலுக்கு வந்தது 1992ல். அதுவும் 1789ல் முன்வைத்தது, 200 வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது! புதுசா முன்மொழிஞ்சு நிறைவேறின கடைசித் திருத்தம் 1971ல், 18 வயசு ஓட்டுரிமை. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை.

அதனால் எனக்கு இந்தக் கதை பழைய கதையாத் தெரியலை. ஒரு சாசனம் நல்லதா கெட்டதாங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அது தப்புன்னு தெரிஞ்சா திருத்த முடியுமா? திருத்த முடியாத சாசனத்தை ஒரு நாள் யாராவது தாண்டிக் குதிப்பாங்க. குதிக்கிறவங்க எப்பவும் மேடிசனா இருப்பாங்கன்னு உத்தரவாதம் இல்லை.

நேத்து மீட்டிங்கில் நான் மாட்யூலைப் பத்திப் பேசவே இல்லை. "முதல்ல அந்த அஞ்சு ஓகே விதியை மூணு ஓகேன்னு மாத்தலாமா?"ன்னு மட்டும் கேட்டேன். நல்ல யோசனைன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்கும் அஞ்சு பேர் ஓகே சொல்லணுமாம். ஒருத்தர் லீவு.

கொசுறு: 1781 அக்டோபரில் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கார்ன்வாலிஸ். அதே கார்ன்வாலிஸ்தான் 1786ல் நம்ம ஊருக்கு கவர்னர் ஜெனரலா வந்து, திப்பு சுல்தானோட மூணாவது மைசூர்ப் போரை நடத்தி, 1792ல் திண்டுக்கல்லையும் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலையும் கும்பினி கணக்கில் சேர்த்தவர். அங்கே விட்டதை இங்கே பிடிச்சுட்டார் மனுஷன்.